துவக்கின் மினுக்கம்

அந்தத் துவக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. தலைக்குக் குளித்து, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு, குசினியில் பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் நீளமான பையொன்றைத் தோளில் போட்டபடி வாசலில் நின்று சிரித்தார். சுவிஸில், பூம்ப்ளிஸ் என்ற இடத்தில் நாங்கள் இருப்பது நாலாம் மாடி. மின்தூக்கியில்தான் கொண்டுவந்திருப்பார். வழியில் யார் யார் கண்டார்களோ என்பதுதான் எனக்கு முதலில் வந்த யோசனை.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா உதைத்தான் கொண்டுவர வேணுமோ?" என்றேன்.

"வெள்ளிக்கிழமை சுடப் போறேல்லையப்பா. கொண்டுவந்து வைக்கத்தானே போறன்" என்றார்.

அவர் ஆறு வயதில் தாய் தகப்பனோடு இந்த நாட்டுக்கு வந்தவர். முதியோர் இல்லமொன்றில் சமையற்காரர். அங்கே கூட வேலை செய்யும் ஒருவர் வேட்டைக்காரர். அவர் கொண்டுவந்த மான் இறைச்சியைச் சமைக்கப் போய், இவருக்கும் வேட்டைப் பைத்தியம் பிடித்தது. வேட்டைக்கு இங்கே சோதனை எழுத வேண்டும். எங்கள் சாப்பாட்டு மேசை முழுக்க மான் குளம்புத் தடங்களும் மர இலைகளும் உள்ள புத்தகங்களாகக் கிடந்தன. முன்பு பாண் சுடுவது, அதற்கு முன்பு தேனீ என்று பல பைத்தியங்களைப் பார்த்தவள் நான். இதுவும் ஆடி அடங்கும் என்று பேசாமல் இருந்தேன். இவர் சோதனையில் பாஸ் பண்ணித் தொலைத்துவிட்டார்.

பையைத் திறந்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயதாகி வேட்டையை விட்ட ஒருவரிடம் வாங்கிய துவக்கு அது. மரப்பிடி தவிர முழுக்கக் கறையில்லா உருக்கு. கலியாண வீட்டில் கொடுக்கும் சில்வர் செம்பு போல மினுங்கியது. குசினி விளக்கு அதன் குழாய் நெடுக ஓடியது. என் முகம்கூட அதில் கோணலாகத் தெரிந்தது. இது பாத்திரம், கொஞ்சம் நீளமான பாத்திரம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஏன் தேற்ற வேண்டியிருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் நடந்த கடைசி யுத்தத்தின் கடைசி மாதங்களில் எனக்குப் பதினேழு வயது. நாங்கள் ஒதுங்கியிருந்த தறப்பாள் கொட்டிலுக்குள் இயக்கத்தார் வந்து என்னைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தலைமயிரை வெட்டினார்கள். கையில் ஒன்றைத் தந்தார்கள். சில கிழமைகள் அதைச் சுமந்தேன். யாரையும் சுடவில்லை. ஒரு நாள் எல்லாரும் சிதறி ஓடியபோது அதை மண்ணில் போட்டுவிட்டு அம்மாவைத் தேடி ஓடினேன். அம்மா என் தலையை ஒரு துணியால் மூடிக்கட்டி, "இதை ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது" என்றார். கலியாணம் பேசி வந்தபோது அந்தப் பக்கத்தார் சாதகம் கேட்டார்கள், படிப்புக் கேட்டார்கள். இதை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யுத்தத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த என் கணவருக்கு, நான் வெடிச்சத்தத்துக்குப் பயந்தவள் என்ற அளவில்தான் தெரியும். அப்படியே இருக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

ஆனால் இருப்புக்கொள்ளவில்லை. அன்று சாப்பிட்டு முடித்ததும் கைத்தொலைபேசியை எடுத்துத் துருவத் தொடங்கினேன். ஏதாவது ஒரு சட்டம் இருக்காதா என்று தேடினேன். இருந்தது. சில நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் இங்கே துவக்கு வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. அந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. அவருடையது சிவப்புச் சுவிஸ் பாஸ்போட். என்னுடையது இன்னும் இலங்கைப் பாஸ்போட்தான். சுவிஸுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தேன். இந்த நாட்டில் எங்களுக்கென்று இருக்கும் தடைகளைப் பார்த்து எரிச்சல்படுகிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தடையைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன்.

"பாருங்கோ, நான் உதைத் தொடவே கூடாது. உதைப் பூட்டி வைக்கிற திறப்பும் உங்களிட்டத்தான் இருக்க வேணும். என்ர பாஸ்போட் அலுவல் குழம்பினால் நீங்கள்தான் பொறுப்பு" என்றேன்.

அவர் வாசித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. "இது என்ன விசர்ச் சட்டம்" என்று எனக்காகக் கோபப்பட்டார். எனக்குப் பாவமாகவும் இருந்தது.

துவக்கு நிலவறைக்குப் போனது. கெல்லர் என்று நாங்கள் சொல்லும் அந்த நிலவறையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. எங்கள் தடுப்புக்குள் சுவரோடு சேர்த்து இரும்பு அலுமாரியொன்றைப் பூட்டி வைத்தார். உடுப்புத் தோய்க்கும் அறைக்குப் போக அதைத் தாண்டித்தான் போக வேண்டும். எங்களுக்கென்று குறித்த தோய்க்கும் நாள் வந்தால் காலையிலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடப்பேன். தோய்த்து முடியும்வரை மேலே இருக்கவும் முடியாது. பூட்டியிருக்கிறதா என்று பார்க்க இறங்குவேன், ஏறுவேன். மூன்றாம் மாடி ஆச்சி ஒரு நாள் மறித்து, தோய்க்கும் இயந்திரம் பழுதா என்று கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முதல் இலையுதிர்காலம் வேட்டைக்குப் போனவர், வெறுங்கையோடும் தொங்கிய முகத்தோடும் வந்தார். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். காட்டு ஓரத்தில் மானொன்று அழகாக வந்து நின்றதாம். இவர் துவக்கைத் தூக்கியிருக்கிறார். வெயில் குழாயில் பட்டுப் பளிச்சென்று அடித்திருக்கிறது. மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே பாய்ச்சல். எதிர்ச்சரிவில் நின்ற கூட்டாளிகள் அந்தப் பளிச்சைக் கண்டுவிட்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம், கண்ணாடி கொண்டுவந்தாயா, முகம் சவரம் செய்யவா வந்தாய் என்று பகிடியாம்.

"பகிடிதானே, விடுங்கோவன்" என்றேன்.

"ஏற்கனவே அந்தக் காட்டுக்குள்ள நான் ஒருத்தன் தனியாத் தெரியிறன். துவக்கும் மினுங்கித் தெரிய வேணுமோ?" என்றார்.

அவர் இதைப் பகிடியாகச் சொல்லவில்லை. முப்பது வருசத்துக்கு மேல் இங்கே இருக்கிறார், எங்கள் தமிழைவிட அவர்களுடைய மொழி நன்றாக வருகிறது, அப்படியிருந்தும் இப்படி ஒரு சொல்.

அடுத்து அவர் கேட்கப்போவது எனக்குத் தெரியும். நான் வேலை செய்வது பீல் நகரில், மணிக்கூடுகளின் உருக்குக் கூடுகளுக்கு மேல்வேலை செய்யும் இடத்தில். பளபளவென்று வரும் கூட்டை ஒரு பெட்டிக்குள் வைத்து, மாவு போன்ற கண்ணாடி மணிகளைக் காற்றோடு சேர்த்து அதன்மேல் அடிப்போம். மினுக்கம் போய், வெளிச்சம் ஒட்டாத சாம்பல் நிறம் வரும். அதை மாட் என்பார்கள். எங்கள் பகுதியில் அந்த வேலைக்கு என்னைத்தான் முதலில் கூப்பிடுவார்கள்.

"நீர் மணிக்கூட்டுக்குச் செய்யிறதை இதுக்கும் செய்யேலாதோ?"

"நான் தொடக் கூடாது எண்டு சட்டம் சொல்லுது."

அவர் துவக்கு வேலை செய்யும் கடையில் கேட்டார். அவர்களிடம் வேலை மலையாகக் குவிந்திருந்தது. அடுத்த பருவத்துக்கும் முடியாது என்றார்கள். அத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு வேறு பயம் இருந்தது. மினுங்கும்வரைதான் அது பாத்திரம். நான் சுமந்தது மினுங்கவில்லை. வெளிச்சமே ஒட்டாத கறுத்த சாம்பல் அது. என் வேலையை நான் எவ்வளவு நன்றாகச் செய்கிறேனோ, அவ்வளவுக்கு இதுவும் அதுவாக மாறிவிடும்.

அடுத்த புரட்டாதியில் ஒரு பின்னேரம் வேலையால் வந்தபோது, குசினிக்குள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. இவ்வளவு அக்கறையாக என்ன தேய்க்கிறார் என்று எட்டிப் பார்த்தேன். கழுவுதொட்டிக்கு மேலே துவக்கின் குழாயைக் கிடத்தி, பச்சைப் பஞ்சும் சட்டி விளக்கும் மாவும் போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தார். சமையற்காரர் மூளை. குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஓரிடத்தில் வெள்ளை, ஓரிடத்தில் பளபளப்பு. அடிப்பிடித்த சட்டியைத் தேய்த்த மாதிரி ஒரு கோலம்.

கைப்பையைக் கீழே போட்டுவிட்டுப் பாய்ந்தேன். பயத்தில் அல்ல, ஆத்திரத்தில். உருக்கை ஒருவர் இப்படிச் சித்திரவதை செய்வதை என்னால் கண்கொண்டு பார்க்க முடியவில்லை.

"விடுங்கோ! அதை விடுங்கோ எண்டிறன்! ஆர் உங்களுக்குச் சொன்னது பச்சைப் பஞ்சால தேய்க்கச் சொல்லி? உதை இனி என்னெண்டு எடுக்கிறது?"

"நீர்தான் தொடமாட்டன் எண்டீர்."

"நான் தொடமாட்டன். நீங்கள் செய்யுங்கோ. நான் சொல்லுறன்."

வாயை விட்டபின்தான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

எங்கள் பகுதிப் பொறுப்பாளரான பெண்ணிடம் கேட்டேன். சனிக்கிழமை தானும் கணக்கு வேலைக்கு வருவதாகவும், பின்னாலிருக்கும் பெரிய பெட்டியைப் பாவிக்கலாம் என்றும் சொன்னாள். அதோடு நிற்காமல், துவக்கு விசயங்களைப் பார்க்கும் மாநில அலுவலகத்துக்கும் தொலைபேசி எடுத்தேன். என் கணவர் வேலை செய்வார், நான் பக்கத்தில் நின்று வாயால் சொல்லலாமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் இருந்த பெண், பார்ப்பதற்கும் கதைப்பதற்கும் தடை ஒன்றும் இல்லை, அம்மா என்றாள். அவள் சிரிப்பை அடக்கினது கேட்டது.

சனிக்கிழமை வேலைத்தலத்தில், ஜாக்கெட்டின் இரண்டு பைகளுக்குள்ளும் கைகளை விட்டுக்கொண்டு நின்றேன். வெளியே எடுத்தால் அவை சொல்வழி கேட்காது என்று பயம். அவர் பையிலிருந்து துவக்கை எடுத்து மேசையில் வைக்கப் போனார்.

"பொறுங்கோ. முதல் வாயை அந்தச் சுவர்ப் பக்கம் திருப்புங்கோ. இழுத்துத் திறவுங்கோ. உள்ள கண்ணால பாருங்கோ. பாத்தது காணாது, சின்ன விரலை விட்டுத் தடவிப் பாருங்கோ. இனி வையுங்கோ."

அவர் சொன்னபடியெல்லாம் செய்துவிட்டு, நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "உமக்கு உது எப்பிடித் தெரியும்?"

"படத்தில பாத்தனான்" என்றேன். பைக்குள் என் விரல்கள் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன.

அதன்பின் வேலை. பெட்டிக்குள் கிடந்த பழைய மணிகளை முழுக்க வெளியே எடுக்கச் சொன்னேன். அதில் இரும்புத் தூள் கலந்திருந்தால் பிறகு துரு கிளம்பும். புது மணி போட்டோம். மரப்பிடியைக் கழற்றி வைத்தார். குழாயின் இரண்டு வாய்க்கும் ரப்பர் அடைப்பு. எண்ணெய் போக அற்ககோலால் துடைத்தார். பிறகு பெட்டியின் கையுறைகளுக்குள் கைகளை விட்டு, காலால் மிதியை அழுத்தினார். காற்று இரைந்தது.

"கிட்டக் கொண்டுபோகாதேங்கோ. ஒரு இடத்தில நிக்காதேங்கோ. கையை ஓட்டுங்கோ, தோசை ஊத்திற மாதிரி ஓட்டுங்கோ!"

தோசை என்றதும் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கூடாக நான் பார்த்துக்கொண்டிருக்க, பச்சைப் பஞ்சின் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. குழாய் நெடுக ஓடிய வெளிச்சம் அணைந்தது. வெளியே எடுத்துக் காற்றடித்தபோது, விபூதி பூசி உலர்ந்த நெற்றி போல ஒரே சீரான சாம்பல். ஒரு திட்டு இல்லை, ஒரு கோடு இல்லை. பொறுப்பாளர் கணக்கை விட்டுவிட்டு வந்து பார்த்து, நல்ல வேலை என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் மேசையில் கிடந்தது பாத்திரம் இல்லை.

"வெறுங்கையால தொடாதேங்கோ. இப்ப அது எதையும் உறிஞ்சும். எண்ணெய் பூசித்தான் பிடிக்க வேணும்" என்று சொல்லிவிட்டு, முகம் கழுவ ஓடினேன்.

வேட்டைப் பருவம் தொடங்கியதும் நவராத்திரியும் வந்தது. வீட்டில் மச்சம் மாமிசம் சமைக்காத நாட்களில் காட்டுக்குப் போவது எப்படி? கூட்டாளிகள் தொலைபேசியில் கூப்பிடக் கூப்பிட, விரதம் என்றார். அவர்களுக்கு அது என்ன விளங்கியதோ தெரியாது.

சரஸ்வதி பூசைக்கு நாங்கள் ஆயுதங்களையும் சேர்த்து வைப்போம். அவருடைய சமையற்கத்தி, என் வேலைச் சாவணமும் பூதக்கண்ணாடியும், கார்த் திறப்பு, கணினி, அரைக்கும் இயந்திரம். இவர் கீழே போய்த் துவக்குக் குழாயையும் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"உது வேண்டாம்."

"ஆயுத பூசைக்கு ஆயுதத்தை வைக்காமல் கரண்டியை வைக்கிறதோ? துவக்கெண்டு பாக்காதேயும். உம்மட வேலை எண்டு பாரும்."

அந்தச் சொல்லில் விழுந்தேன். என் வேலைதானே. வைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேவாரம் பாடி, கற்பூரம் காட்டி, வழக்கம்போல மோதிர விரலால் சந்தனத்தைத் தொட்டுத் தொட்டு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டு போனேன். சந்தனத்தில் குங்குமமும் குழைத்திருந்தேன். கத்தி, சாவணம், திறப்பு, கணினி. வருசா வருசம் செய்து பழகிய கை அது. என்னைக் கேட்டுக்கொண்டு அது நகரவில்லை. அரைக்கும் இயந்திரத்துக்கு அடுத்ததாக, சில்லென்று ஒரு குளிர் விரலில் பட்டது. கையை இழுத்துக்கொண்டேன். அதற்குள் பொட்டு வைத்தாயிற்று.

எண்ணெய் பூசியிருந்தால் ஒரு துடைப்பில் போயிருக்கும். இவர் பூசியிருந்ததையும், சாமிக்கு வைக்கிற சாமானில் எண்ணெய்ப் பிசுக்கு எதற்கென்று, அற்ககோலால் சுத்தமாகத் துடைத்துத்தான் வைத்திருக்கிறார். அப்படி ஒரு பக்தி. மறுநாள் துடைத்தபோது பொட்டு போனது. அதன் அடியில் மங்கிய சிவப்பில் என் விரலின் ரேகை போகவில்லை. சவர்க்காரம், தேசிக்காய், எல்லாம் போட்டுப் பார்த்தார். சுழி சுழியாக அப்படியே இருந்தது.

எனக்கு விசர் பிடித்தது. தொடக் கூடாதவளின் விரல் அடையாளம் அந்தத் துவக்கில். சுவிஸ் பாஸ்போட்டுக்கு என்னை விசாரிக்கக் கூப்பிடும்போது இதைத் தூக்கி மேசையில் வைப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்துப் பார்த்தால் சிரிப்பான யோசனைதான். அப்போது சிரிப்பு வரவில்லை. திரும்பப் பெட்டிக்குள் வைத்து அடிக்க வேண்டும், வேலைத்தலத்தில் இன்னொரு சனிக்கிழமை கேட்கிறேன் என்றேன். "விடுமப்பா, பருவம் முடிஞ்சு போடும். இருந்திட்டுப் போகட்டும்" என்று எண்ணெய் பூசிக்கொண்டு அவர் அடுத்த நாள் விடியப் புறப்பட்டுவிட்டார்.

அன்று முழுக்க நான் வீட்டில் இருக்கவில்லை, இருந்தும் இருக்கவில்லை. தோய்க்கும் நாளே இல்லாமல் கீழே போனேன். அலுமாரி திறந்து வெறுமையாகக் கிடந்தது. அதைப் பார்க்கப் பூட்டியிருந்ததைவிடப் பயமாக இருந்தது. ஒய்ரோப்பாபிளாட்ஸ் என்ற சதுக்கத்தில் உள்ள எங்கள் கோயிலுக்கு நடந்தே போனேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திருநீறுகூட வாங்காமல் திரும்பி நடந்தேன். எது நடக்கக் கூடாது என்று கும்பிட்டேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

பின்னேரம் வந்தார். வெறுங்கை. போன வருசத்து முகம் இல்லை. துவக்கைக் கீழே பூட்டிவிட்டு வந்து, எனக்கு எதிரே குசினிக் கதிரையில் இருந்தார்.

"வந்தது. கிட்ட வந்து நிண்டது. என்னை அது காணவே இல்லை. நீர் செய்த வேலை அப்பிடி."

"பிறகு?"

"கன்னத்தை வைச்சுக் குறி பாக்கிறன். கண்ணுக்குக் கிட்ட உம்மட விரல் தெரியுது. ரேகை ரேகையாத் தெரியுது." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே கதைத்தார். "அண்டைக்கு வேலைத்தலத்தில நீர் சொன்னீர், இழுத்துத் திற, விரலை விட்டுப் பார் எண்டு. எங்களுக்குப் படிப்பிச்ச ஆளும் அப்பிடித்தான் சொன்னவர். படத்தில பாத்தவை அப்பிடிச் சொல்ல மாட்டினம். இது அண்டையில இருந்து மண்டைக்குள்ள நிக்குது. மான் ஓடிப் போட்டுது. நான் சுடேல்லை."

நான் எழும்பினேன். தேத்தண்ணி வைக்கப் போனேன், வைக்கவில்லை. யன்னலைத் திறந்தேன், மூடினேன். அவர் பொறுத்திருந்தார். எத்தனை வருசமாக நான் அம்மாவின் சொல்லுக்குப் பின்னாலும் பிறகு சட்டத்துக்குப் பின்னாலும் நின்றிருந்தேன் என்று அப்போது உறைத்தது. திரும்பி வந்து இருந்து சொன்னேன். கொட்டில், வெட்டிய தலைமயிர், மண்ணில் போட்டுவிட்டு ஓடியது எல்லாம் சொன்னேன். அழவில்லை. கை மட்டும் மேசை விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பிடிக்கப் பார்த்துவிட்டு, பிடிக்கலாமோ என்று தெரியாமல் பக்கத்தில் தன் கையை வைத்தார்.

பிறகு கேட்டார். "நீர் சுமந்தது மினுங்கினதோ?"

"இல்லை. ஆளைக் காட்டிக்குடுக்கக் கூடாது எண்டுதானே அதைச் செய்யிறது. இப்ப உங்கடது இருக்கிற மாதிரித்தான் இருந்தது."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காட்டுக்குள் தனியாகத் தெரியக் கூடாது என்று என்னிடம் கேட்டு வாங்கிய நிறம் அது. அதை யோசிக்கிறார் என்று விளங்கியது. பிறகு நிமிர்ந்தார்.

"திரும்ப மினுக்கேலாதோ?"

"உங்கட கூட்டாளிகள் திரும்பவும் சிரிப்பினம்."

"சிரிக்கட்டும். ஏலுமோ, ஏலாதோ?"

"ஏலும்" என்றேன். "மங்கலாக்கிறது கெதியில முடியும். மினுக்கிறதுக்குத்தான் கனகாலம் எடுக்கும். கையாலதான் செய்ய வேணும்."

"சொல்லித் தாரும்" என்றார். "நான் செய்யிறன்."